டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு எந்த டயர், எந்த டிஸ்க்?

டயரோ, அது மாட்டப்படும் உலோகச் சக்கரமான டிஸ்க்கோ மாற்றும் நேரம் வந்ததும் பெரும்பாலான வண்டிக்காரர்கள் நேரே டயர் கடைக்குப் போகிறார்கள். அதற்கு முன் போக வேண்டியது எடை மேடைக்கு. வழக்கமாக ஏற்றும் சரக்கோடு, டேங்கில் டீசலோடு, டிரைவரும் கிளீனரும் உட்கார்ந்திருக்க மூன்று எடை எடுக்க வேண்டும். முதலில் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில். அடுத்து இழுக்கும் வண்டியின் எல்லாச் சக்கரங்களும் மேடையில், டிரெய்லர் சக்கரங்கள் வெளியே. கடைசியில் முழு வண்டியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒவ்வொரு அச்சிலும் எத்தனை கிலோ உட்காருகிறது என்று தெரிந்துவிடும். மேடையும் அதற்கு முன்பின்னான தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஏற்றமோ இறக்கமோ இருந்தால் அச்சுவாரி எடை பொய் சொல்லும்.

மொத்த எடை மட்டும் தெரிந்து டயர் வாங்குவது டிரெய்லர் வண்டிக்குப் போதாது. சாதாரண லாரியில் சரக்கு எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். டிரெய்லரில் சரக்கின் ஒரு பங்கு, அதை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் முளையான கிங் பின் வழியாக இழுக்கும் வண்டியின் பின் அச்சில் வந்து இறங்குகிறது. தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து முந்திரிக் கொட்டை ஏற்றிவரும் கண்டெய்னரில் மூட்டைகள் முன்பக்கம் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தால், மொத்த எடை கணக்குக்குள் இருந்தும் இன்ஜின் சுழற்றும் அந்த டிரைவிங் அச்சு மட்டும் அளவைத் தாண்டி நிற்கும். வெடிப்பதும் அந்த அச்சின் டயர்தான்.

இரண்டு அச்சு இழுவை வண்டி, மூன்று அச்சு டிரெய்லர், மொத்தம் 18 டயர். நம் குமரி மாவட்டப் பக்கத்தில் அதிகம் பார்க்கும் அமைப்பு இது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபின் இதற்கு அனுமதி முன் அச்சில் 7 டன், நான்கு டயர் டிரைவிங் அச்சில் 11.5 டன், டிரெய்லரின் மூன்று அச்சுக்கும் சேர்த்து 27 டன், ஆக 45.5 டன். அதற்கு முன் 40.2 டன். சட்டம் உயர்த்தியது அச்சின் வரம்பை. பழைய டயரின் தாங்கும் திறன் அதோடு சேர்ந்து உயரவில்லை.

டயரின் பக்கச் சுவரில் 10.00 ஆர் 20 என்ற அளவுக்குப் பக்கத்தில் 146/143 கே என்று போட்டிருக்கும். இதுதான் லோடு இண்டெக்ஸ். 146 என்றால் ஒற்றையாக ஓடும்போது ஒரு டயர் 3,000 கிலோ தாங்கும். 143 என்றால் ஜோடியாக ஓடும்போது ஒவ்வொன்றும் 2,725 கிலோ. கடைசி எழுத்து வேகத்துக்கு: ஜே 100 கி.மீ., கே 110, எல் 120, எம் 130. டிரைவிங் அச்சில் நான்கு டயருக்கும் சேர்த்து 2,725-ஐ நான்கால் பெருக்கினால் 10,900 கிலோதான் வருகிறது. சட்டம் அனுமதிப்பது 11,500. முன் அச்சில் 3,000 வீதம் 6,000. சட்டம் அனுமதிப்பது 7,000. சட்டப்படி சரியாக லோடு ஏற்றிய வண்டியே டயர் கணக்கில் ஓவர்லோடு ஆகிவிடும் இடம் இது. இதைக் கவனிக்காமல் "அதே 10.00 தானே, போடுங்க" என்று வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

எடைச் சீட்டில் முன் அச்சு 6,200, டிரைவிங் அச்சு 11,300, டிரெய்லர் 26,800 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னால் ஒரு டயருக்கு 3,100. 146 போதாது, குறைந்தது 3,150 தாங்கும் 148 வேண்டும், 149 என்றால் 3,250 தாங்கும். டிரைவிங் அச்சில் ஒரு டயருக்கு 2,825. ஆனால் நான்கு டயரும் எடையைச் சமமாகப் பங்கிடுவதில்லை. சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருப்பதால் ஒரு பக்கம் கூடும், ஜோடிக்குள்ளும் ஒன்று கூடுதலாகச் சுமக்கும். ஆகவே ஜோடிக் கணக்கில் 146, அதாவது 3,000 கிலோ உள்ளதை எடுத்தால்தான் நிம்மதி. பக்கச் சுவரில் 149/146 என்று இருக்கும். முன் அச்சில் முழு 7 டன் வரும் வண்டிக்கு அதுவும் போதாது. 152/148 எண்ணுள்ள 295/80 ஆர் 22.5 போன்றது வேண்டும், அது ஒற்றையில் 3,550, ஜோடியில் 3,150. டிரெய்லருக்கு 26,800-ஐ 12-ஆல் வகுத்தால் 2,233. அங்கே பழைய 146/143 தாராளமாகப் போதும். 18 டயருக்கும் ஒரே விலையில் ஒரே சரக்கு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பணத்தை முன் அச்சிலும் டிரைவிங் அச்சிலும் போட வேண்டும்.

அளவு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பது நல்லது. ஸ்டெப்னி ஒன்றுதான் இருக்கிறது. இரவில் முப்பந்தல் பக்கம் எந்த அச்சில் டயர் போனாலும் அது பொருந்த வேண்டும். ஸ்டெப்னியின் லோடு இண்டெக்ஸ் முன் அச்சுக்குத் தேவையானதாக இருக்கட்டும். அதை டிரெய்லரில் மாட்டலாம். டிரெய்லருக்கான டயரை முன்னால் மாட்டக் கூடாது.

இனி உயரம். பெரிய டயர் போட்டால் வண்டி நன்றாக இழுக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. நடப்பது நேர்மாறு. 10.00 ஆர் 20 டயரின் முழு விட்டம் சுமார் 1,054 மி.மீ., 11.00 ஆர் 20 சுமார் 1,085 மி.மீ. வித்தியாசம் 3 சதவீதம். இன்ஜினும் கியரும் பின் அச்சின் கிரவுன் பல்சக்கரமும் அப்படியே இருக்க, சக்கரம் 3 சதவீதம் பெரிதானால் தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ அதே அளவு குறையும். பிரேக் பிடிக்கும் விசையும் அதே போலக் குறையும், ஏனென்றால் டிரம் பெரிதாகவில்லை. ஸ்பீடு மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் ஏறத்தாழ 62. மூன்று சதவீதம் சின்ன விஷயமாகத் தோன்றும். தக்கலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே போகும் சாலையில் 45 டன்னோடு நின்று கிளம்பும் கிளட்சுக்கு அது சின்னதில்லை.

உயரம் கெடுக்கும் இன்னொரு இடம், கிங் பின் மாட்டும் தட்டான ஃபிஃப்த் வீல். இழுக்கும் வண்டியின் டயர் விட்டம் 31 மி.மீ. கூடினால் ஃபிஃப்த் வீல் சுமார் 15 மி.மீ. உயரும். டிரெய்லரின் மூக்கு தூக்கி, கடைசி அச்சின் மேல் எடை சாயும். ஏற்கெனவே மட்டம் சரியில்லாத டிரெய்லரில் கடைசி அச்சு டயர்கள் மட்டும் முன்னதாகத் தேய்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த உயரத்தைத்தான். சமதரையில் நிறுத்தி, டிரெய்லர் சேசிஸின் முன் முனையிலும் பின் முனையிலும் தரையிலிருந்து டேப் பிடித்தால் போதும்.

சட்டமும் இதில் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. வண்டிக் கையேட்டில் மாற்று அளவாகக் கொடுத்திருப்பவற்றுக்குள் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

20 அங்குல ட்யூப் டயரிலிருந்து 22.5 அங்குல ட்யூப்லெஸ்ஸுக்கு மாறுவதில் உண்மையான பலன் உண்டு. ட்யூப்பும் அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பட்டையான ஃபிளாப்பும் உரசும் சூடு இல்லை, பஞ்சரானால் காற்று ஒரேயடியாகப் போகாது, டயரை டிஸ்க்கில் பிடித்துவைக்கும் லாக் ரிங் என்ற ஆபத்தும் இல்லை. 22.5 என்ற எண்ணைப் பார்த்து வண்டி உயர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். 295/80 ஆர் 22.5-இன் விட்டத்தைக் கணக்கிட்டால் 295-இல் 80 சதவீதம் 236 மி.மீ., இரண்டு பக்கமும் 472, டிஸ்க் 571.5, ஆக 1,043.5 மி.மீ. பழைய 10.00 ஆர் 20-ஐவிடச் சற்றுக் குறைவுதான். 11 ஆர் 22.5 எடுத்தால் கிட்டத்தட்ட அதே உயரம்.

சிக்கல் அகலத்தில் இருக்கிறது. ஜோடி டயர்களின் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு தூரம் 10.00 ஆர் 20-க்குக் குறைந்தது சுமார் 320 மி.மீ. வேண்டும். 295/80 ஆர் 22.5-க்கு சுமார் 335 மி.மீ. இந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது டிஸ்க்கின் ஆஃப்செட், அதாவது டிஸ்க்கின் நடுக்கோட்டுக்கும் அது அச்சில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம். அளப்பது எளிது: உள் டயரின் வெளிப்பக்க விளிம்பிலிருந்து வெளி டயரின் வெளிப்பக்க விளிம்பு வரை நேராகப் பிடித்தால் வருவது அதே தூரம். பழைய ஆஃப்செட்டில் அகலமான டயரைப் போட்டால் வெறும் வண்டியில் இடைவெளி தெரியும். லோடு ஏறியதும் பக்கச் சுவர்கள் புடைத்து ஒன்றையொன்று முத்தமிடும். உரசும் இடத்தில் சூடு, சூட்டில் ரப்பர் இளகி, உள்ளே கம்பி இழை தெரியும்வரை தேயும். வெளியிலிருந்து பார்க்க டயர் புதிதுபோல் இருக்கும், தேய்வது உள்பக்கம். குவாரி மண்பாதைக்குப் போகும் வண்டியில் இன்னொரு தொல்லை, கருங்கல் ஜல்லி அந்த இடுக்கில் சிக்கிக்கொள்ளும். இடைவெளிக்காக டிஸ்க்குகளுக்கு நடுவே தகடு வைப்பதைச் சிலர் யோசனையாகச் சொல்வார்கள். செய்யவே கூடாது. நட்டு பிடிக்கும் மரை குறைந்து, நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட் முறியும்.

டிஸ்க்கின் அகலமும் டயருக்குத் தக்கதாக இருக்க வேண்டும். 10.00 ஆர் 20-க்கு 7.5 அங்குலம், 11 ஆர் 22.5-க்கு 8.25, 295/80 ஆர் 22.5-க்கு 9. இந்த 295-ஐ 8.25-லும் போட அனுமதி உண்டு, 7.5-இல் இல்லை. குறுகிய டிஸ்க்கில் அகலமான டயர் நடுப்பட்டையில் மட்டும் தேயும், திருப்பங்களில் ஆடும். டிஸ்க்கின் மேலேயே அது தாங்கும் எடையும் காற்றழுத்தமும் பொறிக்கப்பட்டிருக்கும். 120 பி.எஸ்.ஐ. கேட்கும் டயரை அதைவிடக் குறைந்த அழுத்தத்துக்கான டிஸ்க்கில் ஏற்றக் கூடாது.

துளைகளுக்கு வருவோம். கனரக வண்டிகளில் பரவலானது 10 துளை, 335 மி.மீ. வட்டம், நடுத்துளை 281 மி.மீ. சற்றுச் சிறிய வண்டிகளில் 8 துளை, 275 மி.மீ. வட்டம், நடுத்துளை 221 மி.மீ. துளை எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதாது. சில டிஸ்க் அச்சு முனையிலுள்ள ஹப்பின் நடு வட்டத்தில் உட்கார்ந்து மையம் பிடிக்கும், அதற்குத் தட்டை வாஷர் நட்டு. சில டிஸ்க் ஸ்டட் துளையின் சரிவில் மையம் பிடிக்கும், அதற்குக் கூம்பு அல்லது உருண்டை முக நட்டு. ஒன்றின் நட்டை இன்னொன்றில் போட்டால் இறுகியதுபோலவே இருக்கும், ஓட ஓடத் துளை முட்டை வடிவாகும். பழைய டிஸ்க் வாங்கும்போது துளைகளின் ஓரத்தில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

ஜோடி சேர்ப்பதில் கறார் வேண்டும். 9.00-உம் அதற்குப் பெரியதுமான டயர்களில் இரண்டின் விட்ட வித்தியாசம் 12 மி.மீ.க்குள், 8.25-உம் அதற்குச் சிறியதும் என்றால் 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 12 மி.மீ. விட்டம் என்பது பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டை) ஆழத்தில் 6 மி.மீ. வித்தியாசம். அதற்கு மேல் போனால் பெரியது சுமை முழுவதையும் வாங்கும், சின்னது தரையில் இழுபட்டுத் தேயும். சிறிய வித்தியாசம் தவிர்க்க முடியாதபோது சின்னதை உள்ளே போட வேண்டும், சாலையின் நடுமேடு அதைத் தாங்கிக்கொள்ளும். அளவில் ஆர் எழுத்துள்ள ரேடியல் டயரையும் நைலான் டயரையும் ஒரே அச்சில் கலக்கக் கூடாது. ரீட்ரேட் செய்த, அதாவது தேய்ந்த மேல்பட்டையைப் புதிதாக ஒட்டிய டயர் டிரெய்லருக்கு நல்லது, முன் அச்சுக்கு வேண்டாம். ஆனால் ரீட்ரேட் டயருக்கு விட்டம் பட்டறைக்குப் பட்டறை மாறும், ஜோடியாக வாங்கி அளந்து பார்த்துத்தான் மாட்ட வேண்டும். இரட்டை டிரைவிங் அச்சுள்ள வண்டியில் இரண்டு அச்சுக்கும் இடையிலும் உயரம் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று சூடாகும்.

டிரெய்லர் டயரைத் தின்பது திருப்பம். மூன்று அச்சும் நேராகவே நிற்பவை. மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒடுங்கிய முக்கில் ஒடித்துத் திருப்பும்போது நடு அச்சு மட்டும் உருள, முதல் அச்சும் கடைசி அச்சும் பக்கவாட்டில் தரையைச் சுரண்டும். ஆழமான கட்டிப் பட்டன் உள்ள டயரை அங்கே போட்டால் பட்டன் பிய்ந்து போகும். நேர்வரி கொண்ட, ஆழம் குறைந்த பட்டனே டிரெய்லருக்கு ஏற்றது. கட்டிப் பட்டன் டிரைவிங் அச்சில் இருக்கட்டும், மழையில் நனைந்த செம்மண் பாதையிலிருந்து வெளியேற அது வேண்டும். முதல், கடைசி அச்சு டயர்களை நடு அச்சோடு அவ்வப்போது மாற்றிப் போட்டால் தேய்மானம் ஒத்துவரும்.

காற்றாலைப் பாகங்கள் கொண்டுவரும் தாழ்தள டிரெய்லர்களில் டயர் கணக்கு வேறு. தளம் தாழ வேண்டுமென்பதால் சின்னச் சக்கரம். 235/75 ஆர் 17.5-இன் விட்டம் 797 மி.மீ.தான், 143/141 எண் உள்ளது ஜோடியில் 2,575 கிலோ தாங்கும். அதே வரிசையில் 215/75 ஆர் 17.5, 135/133 எண்ணோடு 2,060 கிலோதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால் அவசரத்தில் மாறி மாட்டப்படுகின்றன. சின்னச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு அதிகச் சுற்று சுற்றும், பிரேக் டிரம்முக்கும் டயருக்கும் இடையே இடம் குறைவு, ஆகவே சூடு விரைவில் ஏறும். நிற்கும் இடங்களிலெல்லாம் ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை வெளியூர் டிரைவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் வெறும் கண்டெய்னரோடு வரும் டிரெய்லரைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று அது. 10.00 ஆர் 20-இன் பக்கச் சுவர் உயரம் சுமார் 273 மி.மீ., 295/80 ஆர் 22.5-இல் 236 மி.மீ. உயரம் குறைந்த சுவர் குறைவாக ஆடும். எந்த டயரானாலும் காற்று குறைந்திருந்தால் ஆட்டம் கூடும். குறித்த அழுத்தத்தில் 20 சதவீதம் குறைந்து ஓடிய டயரைப் பஞ்சரான டயராகவே கருதிக் கழற்றி உள்பக்கம் பார்க்க வேண்டும். 120 வேண்டிய டயரில் 96 என்றால் அதுதான் கணக்கு. அளப்பது காலையில், வண்டி கிளம்பும் முன். ஓடிச் சூடான டயரில் கூடியிருக்கும் காற்றைத் திறந்துவிடக் கூடாது.

கனரக டயரில் கார் டயரைவிட இயற்கை ரப்பர் அதிகம் சேர்க்கப்படுகிறது, வளைந்து நிமிரும்போது அது குறைவாகச் சூடேறும் என்பதால். குலசேகரத்திலும் கீரிப்பாறையிலும் விடியுமுன் பால் வெட்டுபவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. காற்றைக் கவனிக்காமல் அதைப் பாதி ஆயுளில் எரிப்பது அநியாயம்.

பிக்கப் வண்டியில் சின்ன டிரெய்லர் இழுப்பவர்களுக்கு இதே கணக்கு சிறிய எண்களில். 215/75 ஆர் 15 என்ற ஒரே அளவில் பயணிகள் வண்டிக்கான 100 எண் டயரும் உண்டு, சரக்கு வண்டிக்கான கூடுதல் எண் டயரும் உண்டு. 100 என்றால் 800 கிலோ, பின் அச்சுக்கு மொத்தம் 1,600. ஜெனரேட்டரோ கம்ப்ரசரோ ஏற்றிய 1,500 கிலோ டிரெய்லர், கொக்கியில் அதன் எடையில் 10 சதவீதம், 150 கிலோ வைக்கிறது. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்து, அச்சுகளுக்கு இடைத்தூரம் 3 மீட்டரானால், பின் அச்சில் கூடுவது 150 அல்ல, 210. மிச்ச 60 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்படுகிறது, ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான். வெறும் வண்டியில் பின் அச்சு 700, சரக்கு 600, கொக்கி 210 என்றால் 1,510. டயரின் எல்லைக்கு 90 கிலோதான் மிச்சம், ஒரு பள்ளம் போதும். இதில் 235/75 ஆர் 15 போட்டு விட்டத்தை 4 சதவீதம் கூட்டி, அலாய் டிஸ்க்கால் சக்கரத்தை வெளியே தள்ளுவது அழகுக்கு மட்டுமே. பேரிங் சீக்கிரம் போகும். பணத்தைக் கூடுதல் லோடு இண்டெக்ஸில் போடுங்கள். கலவை இயந்திரம் இழுப்பவர்கள் அதன் டயரில் எழுத்தைப் பார்க்க வேண்டும். ஏ8 என்றிருந்தால் 40 கி.மீ. வேகத்துக்கே செய்தது. பிக்கப் 60-இல் போக முடியும் என்பதால் அதுவும் போக முடியாது.

பயன்படாமல் நிற்கும் டிரெய்லரின் டயர் தேயாது, ஆனால் வெயிலில் வெடிப்பு விடும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பட்டன் ஆழத்துக்குச் சட்ட எல்லை 1.6 மி.மீ. ஆண்டில் இரண்டு பருவமழை பெறும் மாவட்டத்தில் முன் அச்சிலும் டிரைவிங் அச்சிலும் 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு உப்புக் காற்று தனிக் கவலை. ஜோடி டிஸ்க்குகள் ஒன்றோடொன்று ஒட்டும் முகத்தில் துரு ஏறும். அதைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்க்காமல், மேலே கனமாகப் பெயின்ட் அடித்து மாட்டினால், பெயின்ட் நசுங்க நசுங்க நட்டு தளரும். லாக் ரிங் டிஸ்க்கில் ரிங்கோ அது உட்காரும் பள்ளமோ துருவால் அரித்திருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். காற்றேற்றும்போது ரிங் தெறித்து உயிர் போயிருக்கிறது. இரும்புக் கூண்டுக்குள் வைத்தோ குறைந்தபட்சம் சங்கிலி கட்டியோதான் காற்று ஏற்ற வேண்டும், ஆள் நேரெதிரே நிற்கக் கூடாது. ஜோடியில் ஒரு டயரைக் கழற்றப் போனாலும் நட்டைத் தொடுமுன் இரண்டு டயரின் வால்வு பின்னையும் எடுத்துக் காற்றை முழுக்க விட வேண்டும். மாட்டும்போது உள் டயரின் வால்வும் வெளி டயரின் வால்வும் எதிரெதிர்ப் பக்கம் வரட்டும், உள் வால்வு டிஸ்க்கின் ஓட்டைக்கு நேரே தெரிய வேண்டும். எட்டாத வால்வில் யாரும் காற்றுப் பார்க்க மாட்டார்கள். நட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நிறுத்தி மறுபடி அதே அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். நாகர்கோவிலில் மாட்டினால் திருநெல்வேலி பக்கம் வசதியான இடம் பார்த்து நிறுத்தலாம்.